ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்ற குடல் தொந்தரவு: இன்னும் எதை நிறுத்துவது என்று கேட்டவருக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வயது 31, மென்பொருள் வேலை. நான்கு வருடமாக வயிறு படுத்துகிறது. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் அடிவயிற்றைப் பிசைகிறது, கழிவறைக்குப் போய் வந்தால் அடங்குகிறது. சில வாரம் தண்ணீராகப் போகிறது, சில வாரம் போகவே மாட்டேன் என்கிறது, மாலையானால் வயிறு பானை மாதிரி உப்பிவிடுகிறது. எண்டோஸ்கோப்பியிலும் ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. "இது ஐ.பி.எஸ்., பயப்பட வேண்டாம்" என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீங்களாகவே பால், கோதுமை, பருப்பு, வெங்காயம், முட்டை, காரம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒன்றரை வருடமாக ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி என்று ஓட்டுகிறீர்கள். ஆறு கிலோ குறைந்துவிட்டது. தொந்தரவு குறையவில்லை. தவிர்க்க வேண்டிய உணவுகளின் முழுப் பட்டியல் வேண்டும், இன்னும் எதை நிறுத்தினால் சரியாகும் என்பது கேள்வி.

பட்டியல் கேட்டிருந்தாலும், அடியில் இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் ஏன் சரியாகவில்லை, நான்தான் எங்கோ தப்பு செய்கிறேனா என்ற தவிப்பு அது. உங்கள் கட்டுப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நிறுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இனி எதையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தியதை ஓர் ஒழுங்கோடு திரும்பக் கொண்டுவருவதுதான் இனி உங்களுக்கான உணவு வைத்தியம். நான் உணவியல் நிபுணர். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் குடல்நோய்ப் பிரிவில். மருத்துவர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டுகளைப் பார்க்காமல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த ஆறு கிலோ. ஐ.பி.எஸ். தன்னால் எடையைக் குறைக்கிற நோய் இல்லை. பருப்பும் பாலும் முட்டையும் இல்லாமல் ஒன்றரை வருடம் இருந்தால் யாருக்கும் எடை இறங்கும், உங்களுக்கும் அப்படித்தான் இறங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அதை நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது. எடைக்குறைவு, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது கழிச்சல், ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருப்பது என்று இதில் ஒன்று இருந்தாலும் மறுபடி மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோய் உண்டு. குரோன்ஸ் என்கிற அழற்சி நோயும் இளவயதில் வருவதுதான். இரண்டுமே பல மாதம் ஐ.பி.எஸ். மாதிரி வேஷம் போடும். வாய்வழியாகச் செய்யும் எண்டோஸ்கோப்பி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும்தான் காட்டும், பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் காட்டாது. உங்களுக்குப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டு, மலத்தில் கால்புரோடெக்டின் போன்ற எளிய பரிசோதனைகள் இருக்கின்றன. கால்புரோடெக்டின் குடலில் அழற்சி இருக்கிறதா என்று கத்தி, குழாய் எதுவும் இல்லாமல் ஓரளவு காட்டிக் கொடுக்கும்.

இன்னொன்று. நீங்கள் கோதுமையை நிறுத்தியிருக்கிறீர்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டனால் குடல் சேதமாகும் சீலியாக் நோய் வட இந்தியாவை விடத் தெற்கே குறைவுதான். இருந்தாலும் கழிச்சலும் எடைக்குறைவும் சேர்ந்து இருப்பவருக்கு அதைப் பார்ப்பது வழக்கம். ஆனால் கோதுமை சாப்பிடாமல் இருப்பவருக்கு அந்த ரத்தப் பரிசோதனை எடுத்தால் நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வரலாம். குறைந்தது ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்ட பிறகு எடுத்தால்தான் முடிவை நம்பலாம். அதனால் மருத்துவரிடம் போகும்போது "கோதுமையை நிறுத்தி இத்தனை மாதம் ஆகிறது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பலர் சொல்வதில்லை. யாரும் கேட்பதுமில்லை.

இதெல்லாம் சரியாக இருந்து, ஐ.பி.எஸ். என்பது உறுதியானால், அது என்ன என்று தெரிந்துகொள்வதிலேயே பாதி பயம் போய்விடும். தமிழில் சிலர் இதைக் 'குடல் எரிச்சல்' என்று எழுதுகிறார்கள், அதைப் படித்தவர்கள் குடலுக்குள் புண் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். புண் இல்லை, கட்டி இல்லை. இது புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இங்கே சிக்கல் குடல் நரம்புகளின் உணர்திறனிலும், குடலுக்கும் மூளைக்கும் இடையில் ஓடும் தகவல் போக்குவரத்திலும் இருக்கிறது. 1973-இல் ரிட்சி என்ற மருத்துவர் ஐ.பி.எஸ். உள்ளவர்களின் பெருங்குடலில் சின்ன பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். மற்றவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தாத அளவு காற்றிலேயே இவர்களில் பலருக்கு வலி வந்துவிட்டது. அதே காற்றுதான், வலி மட்டும் கூடுதல். எல்லார் வயிற்றிலும் உண்டாகும் வாயு உங்கள் வயிற்றில் வலியாகக் கேட்கிறது. 2016-இல் வந்த, குடல் நிபுணர்கள் வகுத்த ரோம் நான்காம் வரையறை இதைக் கணக்காகச் சொல்கிறது: கடந்த மூன்று மாதமாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புள்ளதாகவோ, மலம் கழிக்கும் தடவையோ மலத்தின் தன்மையோ மாறுவதோடு தொடர்புள்ளதாகவோ, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். தொந்தரவு ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் விவரிப்பு இதற்குள் வருகிறது. 33 நாடுகளில் எடுத்த ஒரு பெரிய ஆய்வில், இணையம் வழியாகக் கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இந்தக் கண்டிப்பான வரையறைப்படியே ஐ.பி.எஸ். இருந்தது. நீங்கள் தனியாக இல்லை.

"சாப்பிட்ட உடனே அப்படியே வெளியே போய்விடுகிறது, உடம்பில் ஒட்டுவதே இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். இப்போது சாப்பிட்டது அரை மணியில் வெளியே வராது. அது பெருங்குடலைத் தொடவே பல மணி நேரம் ஆகும். இரைப்பையில் சோறு விழுந்ததும் 'இடம் பண்ணு' என்று பெருங்குடலுக்கு ஒரு சைகை போகிறது. எல்லாருக்கும் போகும், பச்சைக் குழந்தை பால் குடித்ததும் துணியிலேயே மலம் போவது இதனால்தான். ஐ.பி.எஸ். உள்ளவர்களிடம் இந்தச் சைகை உரத்துக் கேட்கிறது. நீங்கள் காலை எட்டரை மணிக்கு இட்லி சாப்பிட்டு ஒன்பதுக்குப் போகும்போது வெளியே வருவது நேற்றையதோ, முந்தாநாளையதோ. ஆனால் நீங்கள் பழி போடுவது இட்லியின் மேல். இப்படித்தான் தவிர்க்கும் பட்டியல் நீள ஆரம்பிக்கிறது.

இப்போது உங்கள் ரசத்துக்கு வருகிறேன். உங்களுக்கு நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயமே அதற்குள்தான் இருக்கிறது. வெங்காயத்தை நிறுத்திவிட்டீர்கள். ரசத்தில் பூண்டு தட்டிப் போடுகிறார்களா? பெரும்பாலான வீடுகளில் போடுவார்கள், வயிற்றுக்கு நல்லது என்று இரண்டு பல் கூடவே போடுவார்கள். பருப்பையும் நிறுத்திவிட்டீர்கள். ரசம் இறக்கும்போது பருப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்களா? வெங்காயத்தில் தொந்தரவு செய்யும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலிதான் பூண்டிலும் இருக்கிறது, இன்னும் அடர்த்தியாக. அது தண்ணீரில் கரையும். பூண்டைத் தட்டிலிருந்து ஒதுக்கி வைத்தாலும் ரசத்தில் இறங்கியது இறங்கியதுதான். பருப்பில் வாயு உண்டாக்கும் காலக்டான் வகைச் சர்க்கரையும் வெந்த தண்ணீரில் கரைந்துவிடும். பாலை நிறுத்தினீர்கள், ஆனால் மத்தியானமும் ராத்திரியும் தயிர் சாதம். பால் தோயும்போது அதிலிருக்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கொஞ்சம் குறையும், போய்விடாது. இரண்டு வேளையும் ஒரு கிண்ணம் தயிர் என்றால் அது ஒரு டம்ளர் காபியில் இருக்கும் பாலைவிட அதிக லாக்டோஸாகவே இருக்கக்கூடும். ஆக, 'இதுதான் பத்திரம்' என்று நீங்கள் பிடித்துக்கொண்ட இரண்டு சாப்பாட்டிலும், விட்டுவிட்டதாக நினைத்தவை இருக்கின்றன. முட்டையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்.

இதைப் படித்துவிட்டு ரசத்தையும் தயிரையும் நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பூண்டும் லாக்டோஸும் உங்களுக்கு ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். எது செய்கிறது, எது செய்யவில்லை என்று இப்போதைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு முறை இருக்கிறது.

அந்த முறைக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. பலர் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். சாம்பார்தான் தனக்கு எதிரி என்று உறுதியாக இருந்தார். சாம்பார் சாப்பிட்டால் பேருந்தில் பாதி வழியில் இறங்கிவிட வேண்டியிருக்கிறது என்றார். எதையும் மாற்ற வேண்டாம், இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள், சாப்பாட்டை மட்டுமில்லாமல் எழுந்த நேரம், தூக்கம், மாதவிலக்கு, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள் என்றேன். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, மார்ஜின் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில்: ஒன்பதரை மணி, இட்லி நான்கு, சாம்பார் இரண்டு கரண்டி, வயிறு சும்மா இருந்தது. திங்கட்கிழமைப் பக்கத்தில்: ஆறு பத்துக்கு வெறும் வயிற்றில் காபி, ஆறு நாற்பதுக்கு நின்றுகொண்டே இட்லி இரண்டு, அதே சாம்பார், ஏழு மணி பேருந்து, ஏழு இருபதுக்கு வலி. சாம்பார் ஒன்றுதான், நாள்தான் வேறு. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை நான் சாம்பார் சாப்பிட்டதையே மறந்துட்டேன் மேடம்" என்றார். வலி வந்த நாளின் சாப்பாடு நினைவில் நிற்கும், வராத நாளின் சாப்பாடு நிற்காது. எல்லாருக்கும் அப்படித்தான்.

அவருக்கு நாங்கள் முதலில் செய்தது ரொம்பச் சாதாரணமான மாற்றம். இருபது நிமிடம் முன்னால் எழுந்து, உட்கார்ந்து சாப்பிடுவது, காபியைச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளி அளவைக் குறைப்பது, வீட்டிலேயே ஒருமுறை கழிவறைக்குப் போக நேரம் வைத்துக்கொள்வது, மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளாமல் இருப்பது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் முதல் படியாகச் சொல்கிறது: நேரத்துக்குச் சாப்பிடுவது, வேளையைத் தவற விடாமல் இருப்பது, நிதானமாக மெல்லுவது, டீ, காபி ஒரு நாளுக்கு மூன்று கோப்பைக்குள், தண்ணீர் தாராளமாக, மதுவும் சோடாவும் குறைவாக, பழம் ஒரே மூச்சில் நிறைய இல்லாமல். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஸ்வீடனில் 2015-இல் வந்த ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட சாதாரண அறிவுரையைப் பின்பற்றியவர்களில் 46 சதவீதம் பேருக்கும், சில வகைச் சர்க்கரைகளைத் தவிர்க்கும் கடினமான ஃபோட்மேப் உணவுமுறையைப் பின்பற்றியவர்களில் 50 சதவீதம் பேருக்கும் தொந்தரவு நன்றாகக் குறைந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் எளியதை முதலில் நான்கு வாரம் முயன்று பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். அந்த ஆசிரியைக்குப் பாதிக்கு மேல் அதிலேயே குறைந்தது. மீதிக்குத்தான் அடுத்த படி தேவைப்பட்டது.

அடுத்த படி ஃபோட்மேப். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் ஆகியோர் வளர்த்தெடுத்த முறை இது. சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன, அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. உணர்திறன் கூடிய குடலில் அந்தத் தண்ணீரும் வாயுவும் வலியாகவும் கழிச்சலாகவும் மாறுகின்றன. இந்தச் சர்க்கரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் ஃபோட்மேப். நம் அடுக்களையில் இவை முக்கியமாக வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, பருப்பு, கொண்டைக்கடலை, பால், காலிஃபிளவர், காளான், ஆப்பிள், தர்பூசணி, மாம்பழம், தேன் ஆகியவற்றில் இருக்கின்றன. 'சுகர் ஃப்ரீ' என்று விற்கும் மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சார்பிட்டால் இருக்கும், அதுவும் இதே கூட்டம்தான். சர்க்கரை நோய்க்குப் பயந்து ராத்திரி சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவர்களுக்கு உப்பசம் வந்தால் நான் முதலில் கேட்பது அந்தச் சப்பாத்தியைப் பற்றித்தான்.

தமிழ்ச் சமையலுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. அரிசியில் ஃபோட்மேப் இல்லை என்றே சொல்லலாம். இடியாப்பம், ஆப்பம், அரிசிப் புட்டு, அரிசி உப்புமா, ஜவ்வரிசி எல்லாம் கைவசம் இருக்கின்றன. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, வெள்ளரி, பசலைக்கீரை, ஆரஞ்சு, பப்பாளி, கொய்யா, அன்னாசி, முட்டை, மீன், கோழி எல்லாம் சாப்பிடலாம். வாழைப்பழம் கனியக் கனிய அதில் ஃபிரக்டான் கூடும், கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போது சாப்பிடுவது நல்லது. பூண்டு வாசனை இல்லாமல் சாப்பாடு இறங்காது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பூண்டை எண்ணெயில் வதக்கி, வாசனை இறங்கியதும் பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், பூண்டு எண்ணெயை வெளியில் வைத்திருந்தால் விஷக்கிருமி வளரும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் பயன்படுத்தலாம். பெருங்காயமும் கை கொடுக்கும், ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது உண்டு. ஒரு சிட்டிகையில் அது ஐ.பி.எஸ். காரருக்குப் பெரிய விஷயம் இல்லை, சீலியாக் உள்ளவர் மட்டும் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பருப்பை நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு கழுவிப் போய்விடும்.

ஆனால் இந்த உணவுமுறையைப் பற்றி வெளியில் பரவியிருப்பதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது, அதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. இது வாழ்நாள் உணவுமுறை இல்லை. தவிர்க்கும் கட்டம் இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரைதான். அதற்குள் குணம் தெரியவில்லை என்றால் ஃபோட்மேப் உங்கள் சிக்கல் இல்லை, உடனே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். குணம் தெரிந்தால் அடுத்த கட்டம் தொடங்குகிறது, வைத்தியத்தின் உயிரே அதில்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள், மூன்று நாள், அளவைக் கூட்டிக்கொண்டே. பாலைச் சோதிக்கிறீர்கள் என்றால் முதல் நாள் கால் டம்ளர், இரண்டாம் நாள் அரை டம்ளர், மூன்றாம் நாள் ஒரு டம்ளர், மற்றதெல்லாம் மாறாமல். தொந்தரவு வந்தால் நிறுத்தி, வயிறு அடங்கும்வரை இரண்டு மூன்று நாள் விட்டு அடுத்த பொருள். வெங்காயம் தனியாக, பூண்டு தனியாக, சப்பாத்தி தனியாக, துவரம்பருப்பு தனியாக. வெங்காயம், பூண்டு, சப்பாத்தி மூன்றிலும் ஃபிரக்டான்தானே என்று வெங்காயத்தோடு சப்பாத்தியையும் சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள். ஒருவருக்குச் சப்பாத்தி இரண்டு ஒத்துக்கொள்ளும், வெங்காயம் ஒத்துக்கொள்ளாது. கடைசியில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு பொருள்தான் மிஞ்சும், அவையும் 'கூடவே கூடாது' என்றில்லாமல் 'இவ்வளவுக்கு மேல் வேண்டாம்' என்ற அளவில் நிற்கும். நான் சொன்ன ஆசிரியைக்கு மிஞ்சியது பச்சை வெங்காயமும் காலிஃபிளவரும். சாம்பாரில் நான்கு சின்ன வெங்காயம் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. தயிர்ப்பச்சடியில் ஆனது.

கட்டுப்பாட்டை நீட்டிக்கொண்டே போனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். இந்தச் சர்க்கரைகள்தான் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனி. தவிர்க்கும் கட்டத்தில் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல வகை குறைவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. கால்சியமும் நார்ச்சத்தும் குறையும். சாப்பாட்டைக் கண்டாலே பயம் வந்துவிடும், அந்தப் பயமே குடலை இறுக்கும். ஏற்கெனவே எடை குறைந்தவர், கர்ப்பிணி, குழந்தை, சாப்பாட்டோடு ஏற்கெனவே மனப்போராட்டம் உள்ளவர் ஆகியோர் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது. நீங்கள் முதல் வகையில் வருகிறீர்கள். அதனால்தான் உங்களுக்குத் தவிர்க்கும் கட்டத்தையே நான் சொல்லப்போவதில்லை. ஒன்றரை வருடம் தவிர்த்துவிட்டீர்கள், நேராகத் திரும்பச் சேர்க்கும் கட்டத்துக்குப் போகலாம்.

எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இசப்கோல் உமி போன்ற கரையும் நார்ச்சத்து உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, மலச்சிக்கலுக்கு மட்டுமில்லாமல் பொதுவாகவே. சின்ன அளவில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, வாரக் கணக்கில் கூட்ட வேண்டும். கோதுமைத் தவிடு பலருக்கு உப்பசத்தைக் கூட்டும். புதினா எண்ணெய் மாத்திரை வலிக்கு ஓரளவு உதவுகிறது. நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் விஷயத்தில் எந்த வகை, எவ்வளவு நாள் என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. வாங்க வசதி இருந்தால் ஒன்றை 12 வாரம் வரை பார்த்துவிட்டு, பயன் தெரியாவிட்டால் விட்டுவிடலாம். சீரகத் தண்ணீர், சுக்கு, லாக்டோஸ் ஒத்துக்கொள்பவருக்கு மோர் எல்லாம் கெடுதல் செய்யாது, சிலருக்கு இதமாக இருக்கிறது, அதற்கு மேல் ஆதாரம் காட்டி என்னால் பேச முடியாது. காரம் சிலருக்கு உண்மையிலேயே கழிச்சலையும் வயிற்று எரிச்சலையும் தூண்டும், மிளகாயில் இருக்கும் காப்சைசின் வலி நரம்புகளையே தொடுகிறது. குளூட்டன் விஷயத்தில் நிலைமை வேறு: நார்வேயில் 2018-இல், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பிய, சீலியாக் இல்லாத 59 பேருக்கு, என்ன கொடுக்கிறோம் என்று சொல்லாமல் குளூட்டனையும் ஃபிரக்டானையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவைக் கூட்டியது ஃபிரக்டான். அப்புறம், ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து 'நூறு உணவு அலர்ஜிப் பட்டியல்' கொடுக்கும் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த ஐ.ஜி.ஜி. நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் காட்டும். நோயைக் காட்டாது. வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று மாதம் தவறாமல் பேதிக்குச் சாப்பிடுவதும், 'அமீபா' என்று சொல்லிச் சொல்லி வருடம் நான்கு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவதும் எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கங்கள். மலப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தால் மருந்து சரி, தெரியாமல் திரும்பத் திரும்ப எதற்கு?

ஆனால் ஒரு தொற்று இதையெல்லாம் தொடங்கிவைத்திருக்கலாம் என்பது உண்மை. நான்கு வருடம் முன்னால் வெளியூரில் கடுமையான வாந்தி, பேதியில் விழுந்து, அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். குடல் தொற்று வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் ஐ.பி.எஸ். தங்கிவிடுகிறது. கனடாவில் வாக்கர்டன் என்ற ஊரில் 2000-இல் குடிநீரில் கிருமி கலந்து ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். அவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தபோது பலருக்கு இது நீடித்தது, காலப்போக்கில் பலருக்குக் குறையவும் செய்தது. உங்கள் மருத்துவரிடம் அந்த வரியை முதலிலேயே சொல்லுங்கள்.

உதவி யாரிடம் கேட்பது என்றால், ஒருவரிடம் மட்டும் கேட்டால் போதாது. மருத்துவர் உங்களுக்கு எது அதிகத் தொந்தரவு என்று பார்த்து வலிக்கு மெபெவெரின், கழிச்சலுக்கு லோபரமைடு, மலச்சிக்கலுக்கு வேறு மருந்து என்று தேர்ந்தெடுப்பார். சிலருக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுவார். மருந்துக் கடையில் "இது மனச்சோர்வுக்கான மாத்திரை ஆச்சே" என்று சொல்லக் கேட்டு, சாப்பிடாமலே வைத்துவிட்டவர்கள் என்னிடம் பலர் வந்திருக்கிறார்கள். 10 முதல் 30 மில்லிகிராம் அளவில் அது குடல் நரம்பின் வலியைத் தணிக்கத்தான் கொடுக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 463 பேரிடம் ஆறு மாதம் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது, போலி மாத்திரையைவிட இது தெளிவாக உதவியது. வாய் உலர்வது, தூக்கம் வருவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு, அதனால் மருத்துவர் சொன்னபடி மட்டும்.

மனநலப் பயிற்சி என்றால் முகம் சுளிக்காதீர்கள். "எல்லாம் உன் மனசுல" என்று வீட்டில் சொல்லும்போது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அதை நான் சொல்லவில்லை. வலி குடலில்தான். ஆனால் அந்த வலியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மூளையில் இருக்கிறது, அதைத் திருகக் கற்றுக்கொள்ளலாம். மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984-இலேயே, எதற்கும் கட்டுப்படாத ஐ.பி.எஸ். உள்ள 30 பேரிடம் ஹிப்னாசிஸ் என்ற அறிதுயில் முறையைப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டார். சிந்தனை, நடத்தை இரண்டையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. பயிற்சியைத் தொலைபேசியிலும் இணையத்திலும் கொடுத்து 558 பேரிடம் பார்த்த பிரிட்டன் ஆய்வும் 2019-இல் நல்ல முடிவைத் தந்தது. குடலுக்கென்றே ஹிப்னாசிஸ் பழகியவர்கள் இங்கே மிகக் குறைவு, சி.பி.டி. தெரிந்த உளவியலாளர்கள் ஊருக்குச் சிலராவது இருக்கிறார்கள். செலவு பெரிய கவலை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மருத்துவர், உணவியல் பிரிவு, மனநலப் பிரிவு மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். காத்திருக்க வேண்டிவரும், ஆனால் கிடைக்கும். ராத்திரி பயம் அமுக்கும்போது பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். யோகாவும் உதவுகிறது, ஜெர்மனியில் 2018-இல் வந்த சிறிய ஆய்வு ஒன்றில் ஃபோட்மேப் உணவுமுறைக்கு இணையாகவே உதவியது. உணவியல் நிபுணரைத் தேடும்போது ஒன்று கேளுங்கள்: "நிறுத்தியதைத் திரும்பச் சேர்க்க எத்தனை முறை வரச் சொல்வீர்கள்?" முதல் நாளே அச்சடித்த பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புபவராக இருந்தால் வேறு ஒருவரைப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மருத்துவரிடம் நேரம் வாங்கி, எடைக்குறைவை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், பிறகு அந்த வெளியூர்ப் பேதி, பிறகு கோதுமையை நிறுத்தியது. நாளையிலிருந்து நோட்டு எழுதுங்கள், வலி இல்லாத நாளையும் சேர்த்து. முட்டைக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே ஒன்று வேகவைத்துச் சாப்பிடலாம். அது ஒத்துக்கொண்டதும் பாசிப்பருப்பு: இரண்டு மேசைக்கரண்டி பருப்பை ராத்திரி ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவைத்து, சீரகம் தாளித்து, சோற்றில் ஒரு கரண்டி. நெய் விட்டுக்கொள்ளலாம், நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். மூன்று நாள் கழித்து என்ன ஆனது என்று நோட்டைப் பார்த்து எழுதுங்கள், அதை வைத்து அடுத்த பொருளைப் பேசலாம்.